யாரும் ஓடாத படம்

என் தம்பி ஜெகதீஸ்வரன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு பேருக்கு அதுதான் தொழில். ஆனால் "படம் போடற ஜெகன் வீடு எது?" என்று ரிக் பட்டறைப் பக்கம் கேட்டால் எங்கள் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

ஆயுத பூஜை முடிந்ததும் வண்டி கிளம்பும். போர் போடச் சத்தீஸ்கர் பக்கம் காட்டுக்குள் போனால், அங்கே மழை இறங்கிய பிறகுதான் ஊர் திரும்பும். இடையில் எட்டு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். பல இடங்களில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. கம்ப்ரசர் லாரியில் ஒரு பழைய டிவி இருக்கிறது. பெரிய பென்டிரைவைச் சொருகினால் அது படிக்காது. சின்னதில் ஆறு படம் கொள்ளும். அந்த ஆறு எவை என்று தேர்ந்தெடுப்பது என் தம்பியின் பொறுப்பு.

டிவி வந்த முதல் வருடம் மேனேஜர் மணிமாறன் தனக்குப் பிடித்த வெட்டுக்குத்துப் படங்களாக ஏற்றிக்கொண்டு போனார். தைப் பொங்கலுக்குள் ஆட்கள் ஒருவரை ஒருவர் ஸ்பேனரால் அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வேலை இவனிடம் வந்தது. இவன் ஒரு படத்தைப் பார்க்கும் விதமே வேறு. நல்ல படமா என்று பார்க்க மாட்டான். நாற்பதாவது தடவையும் தாங்குமா என்று பார்ப்பான். அம்மா சாகிற படம் கூடாது, மறுநாள் பாதிப் பேர் ஊருக்குப் போக வேண்டும் என்பார்கள். குழந்தை பிறக்கிற படமும் கூடாது. மழைப்பாட்டு இருக்கவே கூடாது. மழை வந்தால் வண்டி ஊர் திரும்பும் அல்லவா, திரையில் மழை பெய்தால்கூட ஆட்களுக்குக் கை வேலையில் நிற்காது. கல்யாண வீட்டில் சமையல்காரன் காணாமல் போய் மாப்பிள்ளையே இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரிக் கதைகள், வாதாடிக்கொண்டே இருக்கிற கோர்ட் கதைகள், இப்படித்தான் எடுப்பான். வசனத்தை ஆட்கள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு பைப் மாட்டுவார்களாம். மற்ற வண்டிக்காரர்கள் இவன் பென்டிரைவைக் காப்பி கேட்டு வருவார்கள். அக்காக்காரிக்கு அதில் பெருமை இல்லாமல் இருக்குமா?

போன வருடம் கிளம்புவதற்கு முன் அன்பழகன் வீட்டுக்கு வந்தான். நாமகிரிப்பேட்டைப் பையன், வண்டிக்குப் புது ஆள், கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். ஒரு பை மரவள்ளிக்கிழங்கை என் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஜெகண்ணா, ஒண்ணே ஒண்ணுங்க. நானும் அமுதாவும் மொதல் மொதல்ல பாத்த படம். அதையும் ஏத்துங்க."

"கதை என்ன?"

"புருசன் வெளிநாட்டுல இருக்கறானுங்க. பொண்டாட்டி ஊர்ல. போன்லயே சண்டை, போன்லயே சமாதானம்."

"அட போடா. அதப் போட்டா எட்டுப் பேரும் ரயிலேறீருவானுக."

அன்பழகன் விடவில்லை. கண் கலங்கிவிட்டது. தம்பி மற்ற ஆறு படங்களிலும் பாட்டுகளை வெட்டி, ஏழாவதுக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தான்.

காட்டில் அன்பழகன் அதை வாரத்துக்கு இரண்டு தடவை போடச் சொன்னானாம். ஒருநாள் மாலை படம் முடிந்தது. பொண்டாட்டி போன் அடித்துக்கொண்டே இருக்க, புருசன் எடுக்காமல் இருக்கும் இடத்தில் முடிகிறது கதை. அன்பழகன் எழுந்து போய், பாதி போட்ட குழிக்கு மேல் நிமிர்த்தி நிறுத்தியிருந்த மாஸ்ட்டில் ஏறினான். மாஸ்ட் என்பது ரிக் வண்டியின் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். ஏறக்கூடாது என்று மணிமாறன் கத்துவார், எல்லோரும் ஏறுவார்கள். என் தம்பியும் ஏறியிருக்கிறான். அன்று இரும்பில் கிரீஸ் இருந்தது. அன்பழகன் முதுகு அடிபட விழுந்தான். இடுப்புக்குக் கீழே இன்றுவரை அவனுக்கு உணர்வு இல்லை.

அவன் தப்பித்ததே கடவுள் புண்ணியம் என்றார்கள். இந்த வருடம் புரட்டாசி பிறந்தும் அவன் பென்டிரைவைத் தொடவில்லை. மணிமாறன் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏப்பா ஜெகா, வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. படம் ஏத்தீட்டியா?"

"இல்லீங்க. பாக்கறேனுங்க."

"என்னத்தய்யா பாக்கறே? பொண்ணா பாக்கறே?"

போனை வைத்ததும் நான் கேட்டேன். "வேற எவனாச்சும் ஏத்தட்டும். நீ போய் வேலையப் பாக்க வேண்டீதுதானே?"

"எட்டுப் பேர் என்ன பாக்கோணும்னு நாந்தானேக்கா சொல்லீட்டிருந்தேன். இப்ப நான் ஏத்தாட்டி, அந்த வண்டீல எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஏறுவேன்? ஏத்துனா, மறுபடி எவன் மேல போவான்னு பாத்துட்டே இருக்கோணும்."

படத்தைத் தேர்ந்தெடுத்தால் போவான், இல்லாவிட்டால் பதினைந்து வருடத் தொழில் போயிற்று. எனக்கு அது புரிந்தது. நான் தறிப்பட்டறையில் துணி சோதிக்கிறவள், எட்டாவது வரை படித்தவள். பிசிறு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிளப்பி ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். அங்கிருந்து நாமகிரிப்பேட்டை.

ஜன்னலோரக் கட்டிலில் அன்பழகன் சாய்ந்திருந்தான். மெலிந்திருந்தான், குரல் மட்டும் அப்படியே.

"வாங்க்கா. வாங்கண்ணா. எந்திரிக்காம கூப்படறேன்னு தப்பா நெனைக்காதீங்க."

அவன் மனைவி அமுதவல்லி ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். அன்று விடுமுறை. மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே பாத்திரம் துலக்கப் போனாள். தம்பி மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"அன்பு, ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லோணும்."

"கேளுங்க."

"அந்தப் படம் பாத்துத்தான் ஏறுனியா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆமாங்கண்ணா," என்றான் அன்பழகன்.

இல்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தான் அழுது வாங்குனேன். நீங்க வேண்டாம்னீங்க. அது வேற. ஆனா பாக்காம இருந்திருந்தா அன்னைக்கு ஏறியிருக்க மாட்டேன்."

அமுதவல்லி ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். "வர்றவங்க எல்லாம் விதி, விதீன்னு சொல்லிப்போட்டு வாழப்பழத்த வெச்சுட்டுப் போறாங்க. இவரு அந்தப் பழத்தத் தொடறதில்லீங்க," என்றாள்.

தம்பி மோரைக் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்ததும் அன்பழகனே கேட்டான்.

"இந்த வருசம் என்னென்ன படமுங்க?"

"இன்னும் எடுக்கல."

"எனக்கு எடுத்துக் குடுங்க. அங்க காடு, இங்க இந்தக் கட்டிலு. ரெண்டும் தீவாட்டத்தானுங்க. அங்கயாச்சும் மழை வந்தா ஊருக்கு வரலாம்."

"செல்லுல ஆயிரம் படம் வருதே, கண்ணு," என்றேன் நான்.

"வருதுங்க்கா. எதப் போட்டாலும் அஞ்சு நிமிசத்துல எவனோ ஒருத்தன் ஓடறான். நம்ம சினிமால ஓடாம எவன் இருக்கறான்?" சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "யாரும் ஓடாத படமாப் பாருங்கண்ணா. உங்களுக்குத்தான் அமையும்."

"அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டு வாரேன்," என்றான் தம்பி.

வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது ஹைதராபாத்தைத் தாண்டியிருக்கும். அவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

வண்டி கிளம்பும் பூஜைக்குத் தம்பி வந்தான். பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆட்கள் ஆளுக்கொரு பென்டிரைவைக் கொண்டுவந்து இப்போதே சண்டை. சமையல் செய்யும் கலைமணி என் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெகண்ணா, நீங்க வராட்டி இவனுக என்னையத்தான் வெட்டிக் கொழம்பு வெப்பானுக!"

"உப்புக் கம்மியாப் போட்டீன்னா வெட்டத்தான் செய்வானுக," என்றான் தம்பி. வண்டியில் ஏறவில்லை.

மணிமாறன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, கேக்கறதில்லையா? சினிமாவுக்காக ஒருத்தன் வேலைய உடுவானா?"

"அவன் எதையும் உடலைங்க. எட்டுப் பேருக்கு எடுத்தான். இப்ப ஒருத்தனுக்கு எடுக்கறான். அதுதான் செரமம்," என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

இப்போது தம்பி ஒரு பட்டறையில், பாறையைக் குடையும் பிட்டுகளுக்கு வெல்டிங் செய்கிறான். முன்பு வாங்கியதில் பாதிதான் சம்பளம். ஞாயிறானால் நாமகிரிப்பேட்டை. சுலபமாக அமையும் என்று நானும் நினைத்தேன். அவன் மலைபோல நம்பியிருந்த கோர்ட் படத்தில் கைதி சுவரேறிக் குதித்துவிட்டான். கல்யாணச் சமையல் படத்தில் மாப்பிள்ளை வாளியோடு பந்திக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறான். நாற்பது தடவை பார்த்தும் இவன் கண்ணில் அது படவே இல்லை. வயதான புருசன் பெண்டாட்டி கதை ஒன்றைக் கொண்டுபோனான். பேரன் வந்துவிட்டான், ஓடிக்கொண்டு. ஒரு ஞாயிறு அன்பழகன் செல்போனைச் சுவரில் எறிந்தான். அதற்கடுத்த ஞாயிறு, "என்னண்ணா, கொண்டாந்தீங்களா?" என்று மறுபடியும் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே என் தம்பி போகிறான் என்று நினைக்கிறேன். தூக்கம் குறைந்துவிட்டது. சாப்பிடும்போதுகூடத் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான்.

போன வாரம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைக் கேட்டான். சினிமா விஷயத்தில் அவன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, எல்லாரும் உக்காந்தே இருக்கற கதை ஏதாச்சும் உனக்குத் தெரியுமா?"

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வயதில் பார்த்தது. ஒரே ரயில் பெட்டிக்குள் நடக்கிற கதை, இரவு முழுக்க ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள்.

"நெசமாலுமா? ஒருத்தரும் ஓட மாட்டாங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன், சாமி. தெரியாம எப்படிச் சொல்றது?"

மறுநாள் பட்டறையிலிருந்து வந்ததும் அவனே தேடிக் கொடுத்தான். நான் முகம் கழுவிவிட்டு, துணி பார்ப்பது போலவே முதல் ஓரத்திலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். எழுத்துகள் ஓடி முடிந்தன. ஸ்டேஷன், கூட்டம், மணி அடித்தது, ரயில் மெல்ல நகர்ந்தது. கதாநாயகன் ஒரு கையில் பெட்டியோடு அதைப் பிடிக்க ஓடி வந்தான்.

தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். குனிந்து, என் கையிலிருந்த செல்போனில் படத்தை அவனே நிறுத்தினான்.