வாளிக்குள் திருகோணமலை

பதின்மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம். கண்டி நகரமே பெரஹெரா ஊர்வலத்துக்காக அலங்கரித்துக்கொண்டு நின்றது. மஹியாவையில் வாடகை வீடொன்றில் நான் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நடுக்கத்துக்குக் காரணம், நாங்கள் வீடு வாங்கப் போகிறோம். திகனைப் பக்கம், இரண்டு அறை, ஒரு குசினி, முற்றத்தில் ஒரு கொய்யாமரம். வீட்டுக்காரர் அங்கே துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார். மாதக் கடைசிக்குள் முற்பணம் வேண்டும் என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னார். எனக்கென்னவோ அது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி காதில் விழுந்தது. எவ்வளவு கூட்டிப் பார்த்தாலும் கொஞ்சம் குறைந்தது.

எனக்குக் கந்தோரில் கணக்கெழுதும் இலிகிதர் வேலை. சிவப்புப் பேனாவும் ஒரு கணக்குக் கொப்பியும் கிடைத்தால் நான் யானைக்குக்கூடத் தீனியைக் குறைத்துவிடுவேன். முதலில் பத்திரிகைச் செலவை வெட்டினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன். அதற்குப் பிறகு திருகோணமலைப் பயணம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு வருடமாகச் சொல்லி வைத்த பயணம். "கடல் எங்க போயிரப் போகுது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சமிருந்தது பெரஹெரா விருந்தாளிகள். பன்வில தோட்டத்திலிருந்து அக்காவும் மச்சானும் ஒவ்வொரு வருடமும் கடைசி நாள் ஊர்வலம் பார்க்க வருவார்கள். அவர்களோடு அவர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் வருவார்கள். முந்தின வருடம் பாய் போதாமல், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நான் கிட்டத்தட்ட நின்றபடியே தூங்கினேன். அத்தனை பேருக்கும் சோறு, கறி, தேத்தண்ணி என்று நினைத்தபோதே கொய்யாமரம் கண்ணைவிட்டு மறைந்தது.

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, இந்த முறை நாங்க வீட்டுல இருக்க மாட்டோம். புள்ளையக் கூட்டிக்கிட்டு திருகோணமலைக்குப் போறோம்."

"நல்லது தம்பி, போயிட்டு வாங்க. புள்ள கடல்ல கவனம்" என்றாள் அக்கா.

போகாத பயணத்துக்கு ஆசீர்வாதமும் கிடைத்துவிட்டது. பெரஹெராவின் கடைசி நாளன்று முன்கதவை வெளியே பெரிய பூட்டுப் போட்டுப் பூட்டினேன். பின்பக்கச் சுவரேறிக் குதித்து, குசினி வழியாக என் வீட்டுக்குள் நானே கள்ளனைப்போல நுழைந்தேன். ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன். டிவி கூடாது, சத்தம் கூடாது, தும்மல் வந்தால் தலையணைக்குள் என்று சட்டம் போட்டேன்.

"வீடு வாங்குறதுக்கு முந்தி இருக்கிற வீட்டுலயே ஒளிஞ்சிருக்கிற மனுஷன இப்பத்தான் பாக்குறேன்" என்று மனைவி முணுமுணுத்தாள். மகள் குளியலறையிலிருந்த வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் காகிதக் கப்பல் விட்டு, "அம்மா, திருகோணமலை வந்திருச்சு" என்றாள். எனக்கு அவள் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

மத்தியானம் இருக்கும். வாசல் படியில் பேச்சுக்குரல். திரையின் ஓட்டையால் பார்த்தேன். அக்காவும் மச்சானும்! இரண்டே பேர். வேறு யாருமில்லை.

"பூட்டித்தான கிடக்கு, இங்க எதுக்கு வந்தோம்?" என்றார் மச்சான்.

"கொஞ்சம் கால நீட்டிட்டுப் போவோம். டவுன்ல நமக்கு வேற எந்த வாசல் தெரியும்?" அக்கா பையைத் திறந்து இரண்டு சோத்துப் பார்சலை எடுத்தாள். "தம்பி வீட்டுல இருந்தாலும் இந்த முறை சோறு கட்டிக்கிட்டுத்தான் வந்திருப்பேன். வீடு வாங்கப் போற நேரம், அதுக்கு ஆயிரம் செலவு. அதான் வேற ஆள்கள வர வேணாம்னு சொல்லிட்டேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டேன். ஓர் அங்குலப் பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் முதுகு.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் பருப்புக் குக்கர் விசிலடித்தது.

எல்லாச் சட்டமும் போட்ட நான் குக்கருக்குச் சட்டம் போட மறந்துவிட்டேன். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குக்கரின் வாயைப் பொத்துவதா, மகளின் சிரிப்பைப் பொத்துவதா என்று தெரியாமல் நடுவில் நின்றேன். இரண்டாவது விசில், பெரஹெராவில் ஊதும் சங்கை விடப் பலமாக.

"இந்தா, உள்ள ஆளிருக்கு!" என்றார் மச்சான்.

பார்சலைத் திரும்பப் பைக்குள் வைக்கும் சத்தம். பிறகு அக்காவின் குரல். "அது பக்கத்து வீட்டுக் குக்கருங்க. எழும்புங்க, குளத்தங்கரையில போயி சாப்பிடுவோம். ஊர்வலம் பாக்க இடமும் புடிக்கணும்."

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் சாக்கடைத் தண்ணீர் ஓடும் கான். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையவே கிடையாது. பத்து வருடமாக வந்துபோகும் அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, மகளுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

முன்கதவின் பூட்டு வெளியே தொங்கியது. மறுபடியும் சுவரேறினேன். ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது மிச்சம் என்று இடுப்பில் கட்டியிருந்த சாரம் கிழிந்தது. குளத்தைச் சுற்றி நடைபாதையெல்லாம் பாய் விரித்து ஜனங்கள் இடம்பிடித்திருந்தார்கள். கிழிந்த சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பமாக எட்டிப் பார்த்தபடி ஓடினேன். பின்னால் அதே சுவரேறி வந்த மனைவியும் மகளும். ஒரு மரத்தடியில், இன்னும் பிரிக்காத பார்சலை மடியில் வைத்தபடி அக்கா இருந்தாள்.

ஓடிவரும்போது மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். முகத்தைக் கண்டதும் பயத்தில் வாய் வேறொன்றைச் சொன்னது. "இப்பத்தான் அக்கா, திருகோணமலையில இருந்து வந்து இறங்கினோம்."

அக்கா என் சாரத்தைப் பார்த்தாள். மகளை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, "கடல் எப்படிடா இருந்திச்சு?" என்று கேட்டாள்.

"சின்னதா இருந்திச்சு அத்தை. வாளிக்குள்ள."

மச்சானுக்கு அப்போதுதான் விளங்கியது. "அடப்பாவி, அப்ப அந்தக் குக்கர்..." என்று ஆரம்பித்தவரை அக்கா முழங்கையால் இடித்தாள். ஆனால் அவளாலும் அடக்க முடியவில்லை. பக்கத்துப் பாயிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பார்சலைப் பிரித்து, முதல் வாய்ச் சோற்றை மகளுக்கு ஊட்டினாள். எனக்கு மட்டும் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கீரிமிளகாய் காரம் என்று சொல்லி வைத்தேன். நான் இன்னும் சாப்பிடவே தொடங்கவில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அன்றைக்கு ஐந்து பேரும் ஊர்வலம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஆறிய பருப்பைச் சூடாக்கி எல்லோரும் சாப்பிட்டோம். அடுத்த வாரம் நான் திகனைக்குப் போய், ஹாஜியாரிடம் கையைப் பிசைந்துகொண்டு முற்பணத்துக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டேன். "இத மொதல்லயே கேட்டிருக்கலாமே தம்பி!" என்றார், சாதாரணமாக. அதைக் கேட்காமல்தான் நான் அவ்வளவு சுவர் ஏறியிருக்கிறேன்.

இப்போது கொய்யாமரத்து வீட்டில்தான் இருக்கிறோம். கடலையும் மகளுக்குக் காட்டிவிட்டோம். மறு வருடமே, அக்காவையும் கூட்டிக்கொண்டு. கொப்பி இன்றும் எழுதுகிறேன், சிவப்புப் பேனாவும் இருக்கிறது. ஆனால் குசினியில் குக்கர் விசிலடிக்கும்போதெல்லாம், என்ன வேலை இருந்தாலும் எழுந்துபோய் முன்கதவைத் திறந்துவிட்டு வருவேன். அந்தப் பக்கம் யாராவது எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது.