மன்மாயா சொன்ன காரணம்

குரோவாசியாவின் கடலோர ஊரான ஷிபெனிக்கில் எங்களுக்கு எது நடந்தாலும் தெற்குக் காற்றுதான் காரணம். தலைவலியா, காற்று. புருஷனோடு சண்டையா, காற்று. "உடைஞ்சு போச்சு" என்போமே தவிர, "இன்னார் உடைச்சார்" என்று வாயில் வராது. ஹோட்டல் துணி வெளுக்கும் எங்கள் சலவைக்கூடத்துக்கு நேபாளத்திலிருந்து மன்மாயா வந்து சேரும்வரை இதை நான் கவனித்ததே இல்லை.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். போக்ராவுக்கு மேலே மலையில் சோளம் விதைத்தவள். ஒரு மழையில் மண் சரிந்து வயல் போய்விட, இரண்டு மகள்களையும் தங்கையிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் குரோவாசிய மொழி வகுப்பு. அங்கே படித்ததை மறுநாள் எங்களிடம் பேசிப் பார்ப்பாள்.

"ஸோர்க்கா லேட்டு. ஏன்னா பஸ்ஸ விட்டா. ஏன்னா ரெண்டு காப்பி குடிச்சா."

"அடியே, போலீஸ்ல சேர்ந்துட்டியா?" என்று எங்களோடு வேலை செய்யும் ஸோர்க்கா சிரிப்பாள்.

ஜூலையில் அந்த ஸோர்க்காவின் கையை, விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளை இழுத்துக்கொண்டது. மன்மாயாதான் ஓடிப்போய் நிறுத்தினாள். விரல்கள் தப்பின, தோல் வெந்துவிட்டது.

தொழிலாளர் ஆய்வாளர் அம்மா வந்து, பார்த்தவர்களை எழுதித் தரச் சொன்னார். 'விரிப்பைப் போட்டாள், அப்புறம் கை மாட்டிக்கொண்டது, அப்புறம் வெந்துவிட்டது' என்று எழுதினேன். பொய் ஒன்றுமில்லை. மேலாளர் யோஷ்கோ என் பின்னால் நின்று தலையாட்டினார்.

மன்மாயா ஒரு மணி நேரம் எழுதினாள். ஆய்வாளர் அதை உரக்கப் படித்தார்.

'உருளையின் தடுப்புக் கம்பி மே மாதம் உடைந்தது. மூன்று முறை சொன்னோம். மேலாளர் சரிசெய்யவில்லை. ஆகையால் கம்பி இல்லை. ஆகையால் கை உள்ளே போனது. மேலாளர் புண்ணியத்தால் ஸோர்க்காவின் கை வெந்தது.'

யோஷ்கோவுக்கு முகம் சிவந்தது. "என்ன, கிண்டலா?"

மன்மாயா பதறிவிட்டாள். "ஐயோ, இல்லீங்க! காரணம் சொல்ல டீச்சர் மூணு வார்த்தை குடுத்தாங்க. அதுல இதுதான் மரியாதையா இருந்துச்சு. அதான் உங்களுக்குப் போட்டேன்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "அந்த ஒரு வார்த்தைதான் தப்பு. மத்ததெல்லாம் சரியா?" என்று எங்களைப் பார்த்தார்.

இந்த மொழியிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் பேசியவள் நான். ஒரு ஆளை நழுவவிட எத்தனை 'அப்புறம்' வேண்டுமோ அத்தனையும் என்னிடம் இருந்தன. அவளிடம் இருந்தவை மூன்றே மூன்று வார்த்தைகள். அவற்றை வைத்துக்கொண்டு, மே மாதத்திலிருந்து ஸோர்க்காவின் கைவரை ஒரு இடமும் விடாமல் நடந்து வந்திருந்தாள்.

"சரிதாம்மா. அத்தனையும் சரி," என்றேன். என் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

புதுக் கம்பி பொருத்தும்வரை ஒன்பது நாள் உருளை ஓடவில்லை. செப்டம்பரில் ஸோர்க்கா வேலைக்குத் திரும்பினாள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்காது. மன்மாயாவின் வாக்குமூலத்தின் நகலை நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"என் கைதான்டி இது. எனக்கே இவ்வளவு தெளிவா தெரியலையே," என்றாள் மன்மாயாவிடம்.