நூற்றெட்டு ஓட்டைப் பாலம்

சூடேறிய சின்ன மோட்டாருக்கென்று ஒரு வாசனை உண்டு. கருகிய தூசியும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்து, மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில், ஹாலிலிருந்து பலகை போட்டுப் பால்கனியின் கட்டைச்சுவர் வரைக்கும் நேராகப் பதித்திருந்த தண்டவாளத்தில் என் ரயில் ஓடி வந்து, சுவர் விளிம்பில் நான் தடுப்பாக வைத்திருந்த அகராதியில் முட்டி நின்று, சக்கரம் மட்டும் சுழன்று அந்த வாசனையைக் கிளப்பிய ஒரு சனிக்கிழமை மதியம், எதிர்க் கட்டடத்துப் பால்கனியிலிருந்து சல்மா சொன்னாள்: "அந்த புக்கை எடுத்துடேன் கோமு. இன்னும் கொஞ்சம் வந்தா எங்க வூடு."

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு அது சும்மாவாகப் படவில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இருந்த சந்து நாலு அடிக்குச் சற்றே கூட. துணி காயப்போடும் கொம்பில் தூக்குவாளியை மாட்டி அம்மாவும் சல்மாவின் அம்மாவும் குழம்பு மாற்றிக்கொள்ளும் தூரம். குழம்பு போகிற இடத்துக்கு ரயில் போகாதா என்ன?

ரயில் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஒரு தீபாவளிக்குக் கடையின் கண்ணாடி ஜன்னலில் பட்டுப்புடவை அடுக்குகளைச் சுற்றி ஓடவிட்டிருந்த ரயில் அது. பண்டிகை முடிந்ததும் மூலையில் போட்டுவிட்டார்கள், அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எஞ்சினும் மூன்று பெட்டியும் ஒரு கட்டுத் தண்டவாளமும். அச்சில் சுற்றியிருந்த சரிகை நூலை ஊசியால் பிரித்தெடுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

சல்மாவிடம் இருந்தது வேறு. அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா சின்ன வயதில் பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கிய கட்டுமான செட்: பச்சையும் சிவப்புமாக, வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், பித்தளை போல்ட், நட்டு, கப்பி, கைப்பிடிச் சக்கரம். என்னிடமும் ஒரு செட் இருந்தது, புதிது, பொருட்காட்சியில் வாங்கியது. இந்த விளையாட்டில் யாரும் அடி, அங்குலம் சொல்வதில்லை. "பதினோரு ஓட்டை எடு", "அஞ்சு ஓட்டை போதும்" என்றுதான் பேச்சு. நீளத்தை ஓட்டையால் எண்ணிப் பழகியவர்கள் சாப்பாட்டு மேசையைக்கூட எத்தனை ஓட்டை என்றுதான் பார்ப்பார்கள்.

ரயிலை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய் விளையாட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வீட்டிலும் சட்டம் இருந்தது. என் அம்மா திருநெல்வேலி, சொன்னால் சொன்னதுதான்: "கரண்ட்டுல ஓடுத சாமான எவ வீட்டுக்கும் தூக்கிட்டுப் போகப்பிடாது." சல்மாவின் அத்தா அதட்ட மாட்டார், ஆனால் பெட்டியை வாசல் தாண்ட விட மாட்டார். "ஒரு போல்ட் போச்சுன்னா போனதுதாம்மா, இனிமே எங்கயும் கெடைக்காது" என்பார். ஆக, நான் அவள் வீட்டில் ரயில் இல்லாத ஸ்டேஷன் கட்டினேன், அவள் என் வீட்டில் ஸ்டேஷன் இல்லாத ரயில் ஓட்டினாள். பாலம் போட்டுவிட்டால் எந்தச் சட்டமும் உடையாது. ரயிலை யாரும் தூக்கிப் போகப்போவதில்லை. அது தானே போகும்.

இந்த வாதத்தை அம்மாவிடம் வைத்தபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வக்கீலுக்குப் படிக்கப் போறியாட்டி?" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை: "கீழ போறவன் மண்டையில விழுந்தா நான் பதில் சொல்ல முடியாது. ரெண்டு பால்கனிக்கும் நடுவுல அப்பா வேட்டிய இழுத்துக் கட்டு, பொறவு எதுனாலும் செய்யி."

வேட்டி கட்டியாயிற்று. கொம்பை நீட்டிச் சந்தை அளந்து, அந்தக் கொம்பின் மேல் சல்மாவின் பட்டைகளை வைத்து எண்ணினோம். விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூற்றெட்டு ஓட்டை. "நூத்தியெட்டா, கோயில் சுத்துற கணக்கா கீதே" என்று சல்மா சிரித்தாள். சந்துக்கு மேல் ஆளுக்குப் பாதி, ஐம்பத்து நாலு. அவரவர் வீட்டில், அவரவர் செட்டில் கட்டி, பின்பக்கம் அரிசி டின்னைப் பாரம் வைத்து வெளியே நீட்டுவது, நடுவில் நான்கு போல்ட் போட்டு இணைப்பது. எனக்கு அப்போது உலகத்திலேயே இதைவிடத் தெளிவான திட்டம் இருந்ததில்லை.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. சல்மாவின் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், மாத முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும், அவர்கள் பெருங்குடிக்குப் போகிறார்கள். சல்மா அழவில்லை. "பன்னெண்டு நாள் கீது" என்றாள். "ட்ரெயின் எங்க வூட்டுக்கு ஒரு தபா வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் இடிச்சுக்கட்டும்." நான் அன்றைக்கே வீட்டுப்பாடத்தை ஓரம் கட்டினேன்.

எட்டாம் நாள் இரண்டு பாதிகளையும் நீட்டினோம். இரண்டும் சந்தின் நடுவில் சந்திக்கவில்லை. இரண்டு விரல் இடைவெளி, அதற்குக் கீழே அப்பாவின் வேட்டி.

"நீ தப்பா எண்ணிட்ட."

"நீதான்டி."

அவள் எண்ணிக் காட்டினாள், ஐம்பத்து நாலு. நான் எண்ணிக் காட்டினேன், ஐம்பத்து நாலு. அவள் "கணக்குல நாப்பது மார்க்கு வாங்குனவதான நீ" என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டாம். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நான்கு நாள் இருக்கிற இடத்தில் ஒரு நாளை ரோஷத்துக்குக் கொடுத்தோம்.

மறுநாள் அவள் தன் பட்டையில் ஒன்றைச் சட்டையில் மறைத்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். அத்தாவின் சட்டத்தை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான். என் பட்டையின் மேல் அவள் பட்டையை வைத்து, முதல் ஓட்டையில் போல்டை நுழைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். இரண்டாவது ஓட்டையில் வெளிச்சம் ஏறக்குறைய வட்டமாகத் தெரிந்தது, மூன்றாவதில் ஓரம் தேய்ந்திருந்தது. ஐந்தாவதில் போல்ட் நுழையவே இல்லை. அவளுடைய செட்டின் ஓட்டைகள் அரை அங்குலத்துக்கு ஒன்று. என்னுடையது ஒரு மயிரிழை நெருக்கம். ஓட்டைக்கு ஒரு மயிரிழை என்றால் ஐம்பத்து நாலு ஓட்டைக்கு இரண்டு விரல். இரண்டு பேரும் சரியாக எண்ணியிருக்கிறோம், வேறு வேறு அளவுகோலில்.

சல்மா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சண்டை வேஸ்ட்டாப் போச்சு" என்றாள். அவளிடம் மன்னிப்பு என்பது அந்த வடிவத்தில்தான் வரும்.

எல்லாவற்றையும் கழற்றினோம். அவளுடைய நீளப் பட்டைகள் பத்தையும் அவள் வீட்டிலேயே வைத்து இரண்டு உத்தரமாக முழு நீளத்துக்குக் கட்டினோம். என் பட்டைகள் குறுக்குக்கு மட்டும். பட்டையைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிமிர்த்திப் போட்டால் வளையாது என்று கண்டுபிடித்ததும், எல்லா நட்டையும் முதலில் தளர்வாக வைத்து, சட்டம் கோணல் இல்லாமல் நின்ற பிறகே முறுக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் அந்த மூன்று நாளில்தான். கடைசியில் இரண்டு கட்டைச்சுவரிலும் இரண்டே இரண்டு ஓட்டை அளவுதான் பாலம் உட்கார்ந்தது. அதைப் பார்த்த சல்மாவின் அத்தா உள்ளே போய்ப் பழைய செங்கல் இரண்டைக் கொண்டுவந்து பக்கவாட்டில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள், கீழே லாரியில் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் சுவிட்சில், அவள் அந்தப் பக்கம் கட்டைச்சுவரில் தாடையை வைத்துக்கொண்டு. ரயில் விளிம்பைத் தாண்டியது. இருபது ஓட்டை. நாற்பது ஓட்டை. பாலம் மெல்லத் தாழ்ந்தது, தண்டவாளத்தின் நடு இணைப்பு நூலளவு விரிந்தது, கரண்ட் அறுந்து எஞ்சின் நின்றது. சந்தின் நட்டநடுவில், எங்கள் இரண்டு பேர் கையும் எட்டாத இடத்தில்.

கீழே லாரி ஹாரன் அடித்தது. சல்மாவின் அம்மா, "நேரமாவுது, தள்ளி வுடுங்கடி" என்று கொம்பைக் கொண்டுவந்து பெட்டியை லேசாக இடித்தார். விரிந்த இணைப்பு மறுபடி தொட்டுக்கொண்டது, எஞ்சினுக்கு உயிர் வந்தது, ஓடியது, சல்மாவின் உள்ளங்கையில் போய் முட்டியது. கீழே நின்ற லோடுமேன்கள்கூடக் கை தட்டினார்கள்.

சல்மா மட்டும் தட்டவில்லை. எஞ்சினைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னாள்: "கொம்பு பட்டுடுச்சு. இது கணக்குல வராது."

இன்று அந்தச் சந்தே இல்லை. அவளுடைய கட்டடத்தோடு எங்களுடையதையும் சில வருடத்தில் இடித்துச் சேர்த்து ஒரே அடுக்குமாடியாக்கிவிட்டார்கள். ரயில் நின்ற இடத்துக்கு நேர் கீழே இப்போது கார்கள் நிற்கின்றன. கொம்பில் குழம்பு மாற்றிக்கொள்ளும் பால்கனி இந்த ஊரில் எங்காவது மிச்சமிருக்கிறதா, தெரியவில்லை. இருக்கிற பால்கனிகளுக்குப் புறாவலை அடித்துவிட்டார்கள்.

எனக்கு இருபத்தாறு வயது, அடையாறில் ஐந்தாம் மாடி. சல்மா பெருங்குடியில் வேலை பார்க்கிறாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பின் பொது அறையில் இரண்டு பேரும் மேசை போடுகிறோம். பரணில் கிடந்த ரயில், துருப்பிடித்த செட், பாதி டப்பா, எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், யாருடைய பட்டையையும் யாரும் எடுத்துக் கட்டலாம். போன தடவை ஒன்பது பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் வேடிக்கை பார்க்க. எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

கணக்கில் வராத அந்தப் பயணம்தான் பாக்கி. எஞ்சினுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று, தண்டவாள இணைப்புகளுக்கு அடியில் ஒயர் பற்றவைத்தாயிற்று, என் பால்கனி வலையில் ரயில் நுழையும் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டியாயிற்று. எதிர் பிளாக்கின் ஐந்தாம் மாடிக்கு ஒன்பது அடி இருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுவதை வைத்துக் கட்டக் கூடாது. சரியாக அளக்க அந்த வீட்டுப் பால்கனியில் ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும், பிறகு அவர்களும் தங்கள் வலையில் ஒரு சதுரம் வெட்ட வேண்டும். மூன்று வருடமாக எதிரில் இருக்கிறார்கள், பெயர்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் என் பால்கனியில் நிற்பேன். சல்மா போய் அவர்கள் வீட்டு மணியை அடிப்பாள்.