பின் சக்கரத்தில் கேட்ட சங்கீதம்

முட்டாள்தனத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல கை. எண்பதுகளின் நடுவில், காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் குச்சியால் தட்டிவிட்டு நான் இசைக்கலைஞன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். டின்கூட அதை நம்பியிருக்காது.

கூட்டாளி ஒருத்தன் இருந்தான். அவன் நிஜமாகவே வாசிப்பவன். கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட். மெட்ராஸிலிருந்து யாரோ கொண்டுவந்த வெளிநாட்டுக் கேசட் ஒன்றைக் கேட்டதிலிருந்து இருவருக்கும் ஒரே பைத்தியம். ராகம் கிடையாது, தாளம் கிடையாது, முன்னாலேயே பேசிக்கொள்வதும் கிடையாது. அந்த நேரத்துக்கு என்ன வருகிறதோ அதுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வந்துவிடுவான். எங்கள் காட்டுக் கிணற்று மோட்டார் ரூமில் உட்கார்ந்து வாசித்து டேப்பில் பிடிப்போம். முடிந்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து “சூப்பர்” என்போம்.

ஒரு நாள் அவன் சொன்னான்: “நானும் சூப்பர்ங்கறேன், நீயும் சூப்பர்ங்கற. வேற யாராச்சும் கேட்டுச் சொல்லட்டும்டா. மாதா கோயில் தேருக்கு இதத்தான் வாசிக்கலாம்னு இருக்கேன்.”

தேருக்கு முன்னால் அவன் பக்கத்தில் டின்னோடு நடக்க வேண்டும். அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

பஸ்ஸில் போட்டு ஊரையே கேட்க வைக்கும் யோசனை என்னுடையது. காரிமங்கலம் சந்தையன்று அவனையும் கூட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறி, “புதுசு வந்திருக்குங்ணா” என்று டிரைவரிடம் எங்கள் கேசட்டைக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு ஒரே ஸ்பீக்கர், கடைசி சீட்டுக்கு மேலே. முதலில் கிளாரினெட் தனியாக வந்தது. தக்காளிக் கூடையோடு இருந்த அக்கா ஒருத்தர் தலையைக்கூட ஆட்டினார். பிறகு நான் வந்தேன்.

“ஏங்க, பின் சக்கரத்துல என்னமோ கடகடங்குதுங்க!” என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார்.

டிரைவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். டேப்பும் அணைந்தது. சத்தம் போச்சு. மறுபடி ஸ்டார்ட் செய்தார். நானும் மறுபடி ஆரம்பித்தேன். வண்டிதான் என்று முடிவாகி, கண்டக்டர் துண்டை விரித்து அடியில் படுத்துவிட்டார்.

சொன்னால் தேர் போச்சு. சொல்லாவிட்டால் பஸ் போகாது. கூட்டாளியோ ஜன்னல் வழியாகப் புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிப் போய்க் குனிந்தேன்.

“அண்ணா, அது வண்டி இல்லீங்க. நானுங்க.”

“நீ எதுக்குடா கடகடங்கற?” என்றார் கண்டக்டர் அடியிலிருந்தே.

“டின்னு தட்டினேனுங்க. டேப்புல.”

டிரைவர் கேசட்டை உருவி என் கையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. பரிதாபமாகக் கேட்டார்: “வேணும்னேதான் தட்டினியா?”

“ஆமாங்க.”

மொத்த பஸ்ஸும் என்னையே பார்த்தது. “அந்த ஊதறது பரவால்ல தம்பி,” என்றார் தக்காளி அக்கா, எனக்கு ஆறுதலாக. ஊதியது நானில்லை.

தர்மபுரி வரைக்கும் பாட்டே இல்லை. இறங்கியதும் கூட்டாளியிடம் மெதுவாகக் கேட்டேன், தேருக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும் என்று.

“எப்ப வேணாலும் வா, டின்ன வூட்லயே வெச்சிட்டு வா.”