அறுபத்தாறு அடியில் ஒரு வீடு

எங்கள் ஊராட்சியின் நூற்றாண்டு மலரில் அல்சீட் பெலாங்கேயின் பெயர் ஒரே இடத்தில்தான் வருகிறது: கிரேடர் ஓட்டுநர்கள் பட்டியலில். அந்த மலரைத் தட்டச்சு செய்தவள் நான். அதில் இல்லாததையும் நான்தான் எழுத வேண்டும்.

இருபத்தாறு வருடமாகக் கனடாவின் இந்த சஸ்காச்சுவான் மண்சாலைகளைக் கிரேடர் இயந்திரத்தின் நீளத் தகட்டால் சீவிச் சமன் செய்பவர் அவர். குளிர்காலத்தில் அவர் பனியைத் தள்ளினால்தான் பள்ளிப் பேருந்தே வரும். அப்படிப்பட்டவர் மார்ச் மாதம் தொப்பியைக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்து, மலரில் தன் அம்மாவின் வீட்டுக்கு ஒரு பக்கம் கேட்டார்.

மலர்க்குழுத் தலைவி வெர்னா ஹட்சின்ஸ் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குடும்பக் கதைகள் எல்லாம் நில எண் வரிசையில்தான்.

“உங்க நிலத்து நம்பர் என்ன?”

“நம்பர் இல்லீங்க. பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவுல. ரோட்டுல.”

“ரோட்டுல யாராச்சும் குடியிருப்பாங்களா?”

“வேற எங்க இருக்க விட்டீங்க?”

குடியேறிகளுக்கு அரசு அளந்து கொடுத்த சதுர நிலங்களில், பழங்குடியும் பிரெஞ்சும் கலந்த வழிவந்த மெட்டிஸ் குடும்பங்களுக்கு இடமில்லை. சாலைக்கென்று விட்டுவைத்த அறுபத்தாறு அடிப் பட்டையில் அவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். 1940இல், எல்லோரும் அடுத்தவர் வயலில் கல் பொறுக்கப் போயிருந்த நாளில், ஊராட்சி ஆட்கள் வந்து எட்டு வீடுகளையும் கொளுத்தினார்கள். அல்சீடுக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சாம்பலின் மேல் சரளை கொட்டினார்கள். வளர்ந்த பிறகு அவரையே கூலிக்கு வைத்து அந்தச் சரளையைச் சீவச் சொன்னார்கள்.

பழைய தீர்மானப் புத்தகத்தில் தேடினேன். “சாலை சுத்தம் செய்யப்பட்டது.” அவ்வளவுதான். கீழே வெர்னாவின் அப்பா கையெழுத்து. கொண்டுபோய் வெர்னாவிடம் காட்டினேன்.

“விழா நேரத்துல பழசக் கிளறாதம்மா,” என்றார்.

நான் மீதியைத் தட்டச்சு செய்தேன்.

ஜூலையில், விழா நாள் காலை, ஊர்வலக் கார்கள் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவிலுள்ள அந்தச் சாலையில் வந்தபோது கிரேடர் குறுக்கே நின்றது. அதன் படியில் அல்சீட் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் காரிலிருந்து வெர்னா கத்தினார். “ரோட்ட மறிக்க உனக்கு என்னய்யா உரிமை?”

“ரோடா? இது எங்கம்மா அடுப்படி. இறங்கி வந்து கதவத் தட்டுங்க, வழி விடுறேன். எங்கம்மா யாரையும் வாசல்ல நிக்க வச்சதில்ல.”

கதவுக்குப் பதில் கிரேடரின் தகட்டை ஒருமுறை தட்டினால் போதும். வெர்னா கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பத்தொன்பது கார்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி, ஆறு மைல் சுற்றிக்கொண்டு போயின.

கடைசிக் கார் திரும்பும் முன் அதிலிருந்து நான் இறங்கிப் போய்த் தகட்டைத் தட்டினேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“பாத்தியா புள்ள,” என்றார், தூரத்துப் புழுதியைப் பார்த்துக்கொண்டு. “வீடே இல்லன்னாங்க. இல்லாத வீட்டுக்காக எவனாச்சும் ஆறு மைல் சுத்திப் போவானா?”