கை படாத இரட்டைக்குழல்

பாப்பிரெட்டிப்பட்டியில் சவுரியப்பனை மரத்தச்சர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கதவு, நிலை, கட்டில் செய்வார். ஆனால் மனிதர் சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் இளமை முழுக்க வேலை பார்த்தவர். முதலாளி இறந்து கடை மூடியதும் ஊர் திரும்பினார். சொந்தமாகத் துப்பாக்கி ரிப்பேர் கடை வைக்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். அந்த ஒரே ஆசைக்காக மனு மேல் மனு போட்டார். சிபாரிசுக்கு ஆள் இல்லாதவரின் மனு எங்கே நகரும்?

1984இல் மாரப்பன் கூப்பிட்டு அனுப்பினார். தென்னந்தோப்பும் வயலும் உள்ளவர். அவர் வீட்டில் தாத்தா காலத்து இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று துருவேறிக் கிடந்தது.

"எங்க வூட்லயே வெச்சு செய்யி சவுரி. லைசென்ஸ் பாக்கற அதிகாரி எனக்குப் பழக்கம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, இவன் செஞ்ச வேலைங்க சார்னு நானே காட்டறேன்."

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியில் கை வைப்பது குற்றம். இருவருக்கும் தெரியும். மாரப்பனே சொன்னால் அதிகாரி அதைப் பெரிதாக்க மாட்டார் என்று அவர் வாக்கை நம்பித்தான் சவுரியப்பன் அரத்தை எடுத்தார்.

வலப்பக்கத்துக் குதிரையை, அதாவது விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் இரும்பை, யாரோ ஒரு கொல்லர் கன்னாபின்னாவென்று மாற்றியிருந்தார். இடப்பக்கத்துக் குதிரையைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக ஒன்றை அராவினார் சவுரியப்பன். அதில் செதுக்கியிருந்த இலைக்கொடி வேலைப்பாட்டையும் அப்படியே புதியதில் உளியால் வெட்டினார். தாத்தாவின் கட்டைவிரல் பட்டுப்பட்டு இடப்பக்கத்துக் கொடி மழுங்கியிருந்தது. அதே அளவு புதியதையும் எண்ணெய்த் துணியால் தேய்த்து மழுக்கினார். குழலுக்கு அந்தக் காலத்து முறைப்படியே துருவேற்றி, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடி துருவேற்றிக் கறுப்பாக்கினார். பாலிஷ் போட்டால் சீக்கிரம் முடியுமே என்றார் மாரப்பன். "பழசு பழசாத்தான் இருக்கணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி வந்தார். சவுரியப்பன் சலவைச் சட்டையில் ஓரமாக நின்றார். அதிகாரி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மலைத்துப்போனார்.

"ரிப்பேரே ஆகாம இவ்வளவு பழைய துப்பாக்கி இருக்கறது அபூர்வங்க. யாரும் கை வெக்கலயா?"

மாரப்பன் முகம் பூரித்தது. புகழ் காதில் விழுந்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

"எந்தக் கையும் படலீங்க சார். தாத்தா வெச்சது வெச்சபடி இருக்குது."

"இவரு?"

"கதவு வேலைக்கு வந்தவருங்க."

ஜீப் போன பிறகு மாரப்பன் சவுரியப்பனின் தோளில் கை போட்டார். "கோவிச்சுக்காத சவுரி. ரிப்பேர் பண்ணதுன்னு சொன்னா அதுக்கு மரியாத போயிரும்ல? அடுத்த தடவ பாத்துக்கலாம்." அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். சவுரியப்பன் இறங்கி நடந்தார்.

வீட்டில் மனைவி ராஜமேரி வாசலிலேயே நின்றிருந்தாள். "மாரப்பண்ணன் சொல்லிட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"நீங்க வாயே தொறக்கலயா? நான் செஞ்சதுன்னு சொல்றதுக்கென்ன?"

"அந்த மாரப்பன் சொல்லாம நானாச் சொல்லியிருந்தா லைசென்ஸ் இல்லாம தொட்டதுக்கு அங்கயே புடிச்சு உள்ள போட்டிருப்பாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்னு அவனுக்கு நல்லாத் தெரியும் ராஜமேரி."