சங்கு ஓயும் வரை

வசந்தாமணி பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். பள்ளிபாளையத்தில் பாவாடை கட்டும் வயதிலேயே தறிப்பட்டறைக்குள் போனவள். தறிச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அதில் ஒரு வசதி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்க்காமல் தங்கச்சியை நர்சிங் படிக்கவைத்தே வயசைக் கரைத்தவளைத் திட்டாமல் வேறென்ன செய்வது?

தங்கச்சி கயல்விழி படிப்பை முடித்துவிட்டு இஸ்ரேலுக்குப் போனாள். டெல் அவிவில் படுக்கையில் கிடந்த ஒரு வயதான அம்மாளைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேயே ஒருவனோடு குடும்பம் நடத்தினாள். ரஞ்சனி பிறந்ததும் அவன் கழன்றுகொண்டான். அவன் யார், எந்த ஊர் என்று இங்கே ஆளாளுக்குத் துருவினார்கள். அவர்களுக்கு எதற்கு அந்தக் கவலை?

ரஞ்சனி அங்கே பாலர் பள்ளியில் சேர்ந்து ஒன்றாம் வகுப்பு வரை போனாள். எபிரேய எழுத்து, யூதர்களின் பண்டிகைகள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்களைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லும் பிரார்த்தனை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகளோடு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாகவே வளர்ந்தாள். அப்புறம் சண்டை வந்தது. ராக்கெட் விழுகிற ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாமல், ஊருக்குக் கிளம்பிய ஒருத்தியோடு அனுப்பிவைத்தாள் கயல்விழி. தானும் வந்துவிட்டால் மறுபடி விசா கிடைக்காது. சண்டை ஓய்ந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு அதே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. நடக்குமோ நடக்காதோ, அவள் நம்பினாள்.

இங்கே மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ரஞ்சனி எபிரேயம் எழுதிய பழக்கத்தில் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து, வலது ஓரத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். டீச்சர் விரல் முட்டியில் அடித்துவிட்டார். வசந்தாமணி பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், "அடிச்சா எழுத்து திரும்பிக்குமாங்க?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தன.

கயல்விழி வாராவாரம் வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவாள். பாட்டைச் சொல்லு, எழுத்தைச் சொல்லு என்பாள். "மறந்துட்டா மோரா உன்னையச் சேத்துக்க மாட்டாங்க சாமி. அப்பறம் அம்மாகிட்ட எப்படி வருவே?" மோரா என்றால் அங்கத்திய டீச்சர். அவள் விளையாட்டாகச் சொன்னதைப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டது. மோரா சொன்னதில் ஒன்றை மறந்தாலும் அம்மா கிடையாது.

மோரா சொன்னதில் ஒன்றுதான் சங்கு, அதாவது சைரன். அந்த நாட்டில் வருஷத்தில் இரண்டொரு நாள், செத்துப்போனவர்களை நினைத்து ஊர் முழுக்கச் சங்கு ஊதுவார்களாம். சத்தம் ஏறி இறங்கினால் ராக்கெட் வருகிறது, ஓடி ஒளிய வேண்டும். ஒரே சீராக ஊதினால் இருந்த இடத்திலேயே தலைகுனிந்து நிற்க வேண்டும். காரும் பஸ்ஸும் நடுரோட்டில் நிற்க, ஓட்டுகிறவர்களும் இறங்கி நிற்பார்களாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அப்படி நிற்கப் பழக்குவார்களாம்.

எங்கள் ஊர் நூல் மில்லில் காலையில் ஊதும் சங்கும் ஒரே சீராகத்தான் ஊதும்.

வந்த மறுநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷும் கையுமாக நின்றுவிட்டாள். நுரை தாடையில் வழிகிறது, துடைக்கவில்லை. "என்ன சாமி, ஏன் நிக்கறே?" என்று வசந்தாமணி பதறினாள். சங்கு ஓய்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"செத்தவங்களுக்காக நிக்கோணும் பெரிம்மா. அசையக் கூடாது."

"இது செத்தவங்களுக்கு இல்ல கண்ணு. மில்லுக்காரங்களை வேலைக்குக் கூப்புடறது. தெனமும் ஊதும்."

"அப்ப தெனமும் நிப்பேன்."

நாலு தட்டுத் தட்டு, சரியாகிவிடும் என்றேன் நான். வசந்தாமணி கேட்கவில்லை. "நின்னுட்டுப் போகட்டும் உடுங்கக்கா. அவ அம்மாகிட்டப் போறதுக்கு நிக்கறா. நாம எதுக்குக் கெடுக்கோணும்?"

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். சங்கு ஊதி முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவது. வசந்தாமணிக்கோ அது காதில் விழாது. பிள்ளை வாசலில் தலைகுனிந்து நிற்கும். நிமிர்ந்தால் முடிந்தது என்று அர்த்தம். உடனே பையை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பாள்.

போன ஆடியில் ஒரு நாள் விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லை. சங்கும் ஊதவில்லை. இரண்டு பேரும் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துக் கேட்டைச் சாத்தும் நேரமாகிவிட்டது. "இன்னிக்கு ஊதாது, வா சாமி" என்று வசந்தாமணி கிளப்பிக்கொண்டு போனாள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பால் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் நடுரோட்டில் இருக்கும்போது கரண்ட் வந்தது. மில் சங்கு ஊதியது.

பிள்ளை நின்றது. கை நழுவியது. அவசரத்தில் வசந்தாமணி நான் நின்ற ஓரத்துக்கு வந்த பிறகுதான் கை காலியாக இருப்பதை உணர்ந்து திரும்பினாள். நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். ரஞ்சனிக்குக் கேட்காமல் இல்லை. எல்லா வண்டியும் நிற்கும் என்று மோரா சொல்லியிருக்கிறாள்.

வசந்தாமணி ஓடிப்போய் இழுத்தாள். பிள்ளை காலை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. அதற்குமேல் நேரமில்லை. அவள் பிள்ளையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு லாரியைப் பார்த்து ஓடினாள். லாரி அவளை அடித்து, இழுத்துக்கொண்டு வந்து, பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ், வேன், மொபெட் எல்லாம் நின்றன. ஓட்டியவர்கள் இறங்கினார்கள். ரஞ்சனி தலைகுனிந்து நின்றாள். சங்கு ஓய்ந்ததும் நிமிர்ந்து, வண்டிகள் எல்லாம் நிற்பதைப் பார்த்தாள். அப்புறம்தான் கீழே பார்த்தாள்.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மில் என்ன செய்யும்? செத்தவர்களுக்காக நிற்கச் சொல்லிக்கொடுத்தவள் என்ன செய்தாள்?

கயல்விழி வரும்வரை உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். இனி அவள் திரும்பிப் போக முடியாது. காவிரிக் கரையில் காரியம் முடிந்த மறுநாள் காலை, பிள்ளைக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன். மில் சங்கு ஊதியது. ரஞ்சனி எழுந்திருக்காமல் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

கயல்விழிக்குத் தாங்கவில்லை. தான் எழுந்து நின்றுகொண்டு, "எந்திரி சாமி. பெரிம்மாவுக்கு நிக்கலாம், வா" என்று கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா," என்றாள் ரஞ்சனி. "நான் நின்னா பெரிம்மா ஓடியாந்துருவாங்க."

சங்கு ஓயும் வரை அவள் தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல் இட்லியைப் பிய்த்துத் தின்றுகொண்டே இருந்தாள்.